விடைக்கு ஒரு புள்ளி, வழிக்கு ஒரு புள்ளி

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், பூலாவ் செபாங் என மலாக்கா மாநிலத்தில் எந்த ஊர் இடைநிலைப் பள்ளியில் படித்தாலும் சரி, முதல் மூன்று படிவங்களில் இருக்கும் பிள்ளையின் கணிதத்தைப் பற்றி ஆண்டு முடிவில் இரண்டு செய்திகள் வீட்டுக்கு வரும். ஒன்று, 1 முதல் 6 வரையிலான ஓர் எண். மற்றொன்று, ஏ முதல் எஃப் வரையிலான ஓர் எழுத்து. சில வேளைகளில் எண் ஐந்தாக இருக்கும், எழுத்து சி-யாக இருக்கும். பெற்றோர் குழம்பிப் போவார்கள். பிள்ளை கெட்டியா, சுமாரா?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் அவை இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள். எண்ணை ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறார். அது வகுப்பறைசார் மதிப்பீடு, பள்ளி வழக்கில் பி.பி.டி. எழுத்தோ இரண்டு மணி நேரத் தேர்வொன்றில் பிறக்கிறது. அது கல்வித் தவணை இறுதித் தேர்வு, அதாவது யு.ஏ.எஸ்.ஏ. எண் பிள்ளை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கேட்கிறது. எழுத்து, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தாளில் எவ்வளவு கொண்டுவர முடிந்தது என்று கேட்கிறது. இந்த இரண்டு சின்னஞ்சிறு குறிகளுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

இயந்திரத்தின் முதல் பல்சக்கரம், கணிதம் தொடங்கும் முன்பே சுழல்கிறது. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. புக்கிட் அசகான், டயமண்ட் ஜூபிலி போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கியவையும் உண்டு. நகரத்துப் பள்ளிகளும் உண்டு. அங்கே ஆறாண்டுகள் பிள்ளை கணிதத்தைத் தமிழில் கற்கிறது. பின்னம், தசமம், விழுக்காடு எல்லாம் தமிழில்தான் மனத்தில் பதிந்திருக்கும். முதலாம் படிவத்தில் கால் வைத்ததும் அதே கணிதம் மலாய் மொழியில் வருகிறது. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளிகளில் ஆங்கிலத்தில் வருகிறது. சொற்கள் மட்டும் மாறினால் பரவாயில்லை. வரிசையும் மாறுகிறது. தமிழில் 'எட்டில் மூன்று' என்போம். கீழே உள்ள எண் முதலில் வரும். மலாயில் 'தீகா பெர் லாப்பான்'. மேலே உள்ள மூன்று முதலில் வரும். ஆசிரியர் வாயால் சொல்லும் பின்னத்தை நோட்டில் எழுத, தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் மூளை ஒவ்வொரு முறையும் மேல் கீழாக ஒரு புரட்டு புரட்ட வேண்டும். சில மாதங்களில் அது தானாகவே நடக்கத் தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை செய்யும் இந்த வேலையை யாரும் புள்ளி போட்டுப் பாராட்டுவதில்லை. எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிகிறது.

மலாய் மொழியில் போதிய அடைவு இல்லாத பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் இடையே புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உண்டு. மொழியைத் தேற்றிக்கொள்ளத்தான் அந்த ஆண்டு. தேர்வுத் தாளிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு தோள் கொடுத்திருக்கிறார்கள்: கணிதக் கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சாகின்றன. ஒன்றில் புரியாத சொல்லை மற்றொன்றில் தேடிக்கொள்ளலாம்.

அடுத்து, பாடத்தின் வரைபடம். கல்வி அமைச்சு ஒவ்வொரு படிவத்துக்கும் கலைத்திட்டத் தர மதிப்பீட்டு ஆவணம் என்ற ஒன்றை வெளியிடுகிறது. மலாய்ச் சுருக்கத்தில் டி.எஸ்.கே.பி. இதில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கும். எதைப் பற்றிக் கற்க வேண்டும் என்பது உள்ளடக்கத் தரம். கற்று முடித்ததும் பிள்ளையால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பது கற்றல் தரம். எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைக் கணிக்கும் ஆறு படிகள் தர அடைவு. மூன்றையும் ஒரே ஆவணத்தில் வைத்ததில்தான் நுட்பம் இருக்கிறது. கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே வரியைப் படிக்கிறார்கள். பாடம் ஒரு பக்கமும் தேர்வு ஒரு பக்கமும் போக வழியில்லை.

2017-இல் இடைநிலைப் பள்ளிகளில் அறிமுகமான கலைத்திட்டத்தின்படி முதலாம் படிவக் கணிதத்தில் 13 பாடங்கள். அவற்றின் வரிசையைச் சற்று நின்று பாருங்கள். முதல் பாடம் விகிதமுறு எண்கள். மூன்றாவது வர்க்கமும் வர்க்கமூலமும். ஆறாவது நேரியல் சமன்பாடு. ஒன்பதாவது முக்கோணம், நாற்கரம் போன்ற அடிப்படைப் பல்கோணங்கள். பதின்மூன்றாவதாக, ஆண்டின் கடைசியில், பிதாகரஸ் தேற்றம். அது கடைசிக்குப் போனதற்குக் காரணம் உண்டு. செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்க வர்க்கம் வேண்டும், வர்க்கமூலம் வேண்டும், தெரியாத ஒன்றை எழுத்தால் குறித்துச் சமன்பாட்டில் இருந்து பிரித்தெடுக்கும் திறன் வேண்டும், முக்கோணத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வர்க்கமூலத்தைக் கோட்டைவிட்ட பிள்ளை ஆண்டுக் கடைசியில் பிதாகரஸில் தடுக்கி விழும். விழுந்த இடம் ஒன்று, இடறிய கல் கிடப்பது வேறிடம். அனுபவமுள்ள ஆசிரியர் அந்தக் கல்லைத் தேடிப் பின்னால் நடப்பார்.

ஒரு நாள் பாடத்துக்குள்ளும் ஒழுங்கு இருக்கிறது. ஆசிரியரின் நாள் பாடத்திட்டத்தில் நோக்கமும் வெற்றிக் கூறும் முதலில் எழுதப்பட்டிருக்கும். பாடம் பீடிகையோடு தொடங்கும். ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளைகளின் கவனத்தைப் பாடத்துக்கு இழுத்து வரும் ஒரு கேள்வி, ஒரு படம், ஒரு சிறு விளையாட்டு. பிறகு விளக்கம், குழு வேலை, பயிற்சி. தடுமாறுபவர்களுக்குக் குறைநீக்கல், முந்திப் போனவர்களுக்கு வளப்படுத்தும் நடவடிக்கை. கடைசியில் ஆசிரியர் எழுத வேண்டிய ஒரு பகுதி உண்டு: சிந்தனை மீட்சி. இன்றைய நோக்கத்தை எத்தனை பேர் அடைந்தார்கள், அடையாதவர்களுக்கு என்ன செய்யப்போகிறேன் என்பதை அங்கே குறிப்பார். 'முப்பத்தைந்து பேரில் இருபத்தாறு பேர்' என்ற ஒற்றை வரி, அடுத்த நாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

இனி ஆறு படிகள். அடைவுநிலை என்பது இவற்றின் பெயர், பிள்ளைகள் டி.பி. ஒன்று, டி.பி. இரண்டு என்பார்கள். கணித ஆவணத்தில் இவை செதுக்கி வைத்ததுபோல் துல்லியமாக இருக்கின்றன. முதல் படி, அடிப்படை அறிவு. இரண்டாவது, புரிதல். மூன்றாவது, புரிந்ததை எளிய வேலையில் பயன்படுத்துதல். நான்காவது, வழக்கமான எளிய சிக்கலைத் தீர்த்தல். ஐந்தாவது, வழக்கமான, ஆனால் பல கண்ணிகள் கொண்ட சிக்கல். ஆறாவது, வழக்கத்தில் இல்லாத சிக்கல்; எந்தச் சூத்திரம் வேண்டும் என்று யாரும் சொல்லாத கேள்வி.

மலாக்காப் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கும் செம்பனைக் காட்டை வைத்தே இந்தப் படிகளில் ஏறிப் பார்ப்போம். தாத்தா பாட்டி காலத்தில் பால் மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைதான். காட்டுக்குள் நின்று நேராகப் பார்த்தாலும் வரிசை, சாய்வாகப் பார்த்தாலும் வரிசை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று மரங்களைக் கயிற்றால் இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கும். மரத்துக்கு மரம் இடைவெளி பெரும்பாலும் 9 மீட்டரை ஒட்டி இருக்கும்.

செங்கோண முக்கோணம் ஒன்றைக் கொடுத்ததும், செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீளமான பக்கம் எது என்று விரல் வைத்துக் காட்டும் பிள்ளை முதல் படியில் நிற்கிறது. அந்தப் பக்கத்தின் மீது எழுப்பிய சதுரம், மற்ற இரு பக்கங்களின் மீது எழுப்பிய சதுரங்கள் இரண்டையும் சேர்த்த பரப்பளவுக்குச் சமம் என்று தன் வாயால் விளக்கினால் இரண்டாம் படி. பக்கங்கள் 6 மீட்டர், 8 மீட்டர் என்றால் மூன்றாவது 10 மீட்டர் என்று கணக்கிட்டுவிட்டால் மூன்றாம் படி. இந்த மூன்று வரைக்கும் முக்கோணம் வெறும் முக்கோணம்தான்.

நான்காம் படியில் முக்கோணம் ஒளிந்துகொள்கிறது. 120 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வக நிலம். ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஓரமாக நடந்தால் 170 மீட்டர். குறுக்கே நடந்தால்? கேள்வியில் முக்கோணம் என்ற சொல்லே இல்லை. பிள்ளைதான் செவ்வகத்துக்குள் கோடு கிழித்து அதை வெளியே எடுக்க வேண்டும். விடை 130 மீட்டர். 40 மீட்டர் நடை மிச்சம்.

ஐந்தாம் படியில் ஒரு விடை அடுத்த கணக்குக்கு மூலப்பொருளாகிறது. 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் எவ்வளவு தூரம்? சமபக்க முக்கோணத்தை நடுவே வெட்டினால் செங்கோண முக்கோணம் பிறக்கும். அதன் சாய்ந்த பக்கம் 9, அடி 4.5. எண்பத்தொன்றில் 20.25-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 7.8 மீட்டர் அளவில் வரும். அப்படியானால் ஒவ்வொரு மரத்துக்கும் 9 பெருக்கல் 7.8, ஏறக்குறைய 70 சதுர மீட்டர் இடம். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். வகுத்தால் 142 மரங்கள். தோட்டத்தில் கன்று நடக் கோல் ஊன்றி அளப்பவர்கள் பயன்படுத்தும் அதே 7.8 மீட்டர், ஒரு முதலாம் படிவப் பிள்ளையின் நோட்டிலும் வந்து நிற்கிறது!

ஆறாம் படியில் வடிவத்தையே சொல்லமாட்டார்கள். 'எந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே 9 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு ஹெக்டரில் அதிக மரங்களை எப்படி நடுவாய்?' அவ்வளவுதான் கேள்வி. பிள்ளை முதலில் சதுரமாக நட்டுப் பார்க்கும். மரத்துக்கு 81 சதுர மீட்டர், ஹெக்டருக்கு 123 மரம். பிறகு வரிசைகளைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்க்கத் தோன்றினால், 19 மரங்கள் கூடுதலாக நிற்கும். இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வரிசை மாறாமல் ஒரே ஒழுங்கில் அடுக்கும் முறைகளில் முக்கோண முறையே மிக நெருக்கமானது என்று 1773-இல் லக்ராஞ்ச் காட்டினார். எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றாலும் இதை மிஞ்ச முடியாது என்ற முழு நிறுவலை ஹங்கேரியரான ஃபெயெஷ் டோட் 1940-இல் தந்தார். நிறுவலைப் பிள்ளையிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தள்ளிவைத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறதே, அந்தப் பொறிக்குத்தான் ஆறாம் படி.

பாடநூலும் இந்த ஏற்றத்துக்குக் கைப்பிடி தருகிறது. சிக்கல் கேள்விகளுக்கு அருகே நான்கு கட்டங்கள் போட்டிருப்பார்கள்: சிக்கலைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செயல்படுத்து, திரும்பிப் பார். கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட 'ஹௌ டு சால்வ் இட்' நூலில் வகுத்த நான்கு படிகள் அவை. இதில் பிள்ளைகள் பெரும்பாலும் தாவிக் கடப்பது நான்காவதைத்தான். குறுக்குவழி 170 மீட்டருக்கு மேல் வந்தால் எங்கோ பிழை என்பது திரும்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இப்போது ஆசிரியரின் மேசைக்கு வருவோம். ஒரு வகுப்பில் 35 பேர் என்று வைத்துக்கொண்டால், 13 பாடங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 455 அடைவுநிலைகளை அவர் முடிவு செய்ய வேண்டும். நான்கு வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர் என்றால் 1,820. இவை தேர்வு வைத்து எடுப்பவை மட்டுமல்ல. பிள்ளை கரும்பலகையில் போட்ட கணக்கு, பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கியது, கேட்ட கேள்வி, நோட்டு எல்லாமே சான்றுதான். பார்த்தல், வாய்மொழி, எழுத்து என்று மூன்று வழிகளிலும் அவர் திரட்டலாம்.

இங்கே ஒரு நுட்பம் பலருக்குத் தெரியாது. பிப்ரவரியில் இரண்டாம் படியில் இருந்த பிள்ளை செப்டம்பரில் ஐந்தாம் படிக்கு வந்துவிட்டால், இரண்டையும் கூட்டி வகுத்து மூன்றரை என்று போடுவதில்லை. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. ஏறிவந்த பிள்ளையைப் பழைய படி பின்னால் இழுக்காது. ஆண்டின் ஒட்டுமொத்த அடைவுநிலையையும் எந்தச் சூத்திரமும் தானாகக் கக்குவதில்லை. திரட்டிய சான்றுகளை முன்னே வைத்து ஆசிரியர் தம் துறை அறிவால் தீர்மானிக்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு இருமுறை அறிக்கை போகிறது. கணிதம் போன்ற கறாரான பாடத்தில், முக்கியமான எண்ணைக் கணக்கிடாமல் ஒரு மனிதரின் தீர்ப்புக்கு விட்டிருப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். யோசித்தால் சரி என்றே படுகிறது. சராசரி, பிள்ளை கடந்துவந்த வழியைச் சமப்படுத்திவிடும். ஆசிரியருக்கோ அந்த வழி நினைவிருக்கும்.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. மூன்றாம் படிவத்தின் முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவாக பி.எம்.ஆர். என்ற தேர்வு 1993 முதல் 2013 வரை நடந்தது. அடுத்த ஆண்டு அதன் இடத்துக்கு பி.டி.3 வந்தது. இதற்கிடையே, பள்ளிசார் மதிப்பீடு 2011-இல் முதலாம் ஆண்டிலும் 2012-இல் முதலாம் படிவத்திலும் தொடங்கியிருந்தது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு சிறு திறனுக்கும் சான்று திரட்டிக் கோப்பில் அடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களின் நேரத்தை அது விழுங்கியது. பிறகு எளிமையாக்கினார்கள். பி.டி.3 கடைசியாக 2019-இல் நடந்தது. பெருந்தொற்று இரண்டு ஆண்டுகளைக் கொண்டுபோயிற்று. 2022 ஜூனில் அதை அடியோடு நீக்குவதாக அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் வந்ததுதான் யு.ஏ.எஸ்.ஏ.

யோசிக்க வைக்கும் கேள்விகளுக்கு இவ்வளவு இடம் ஏன் என்பதற்கு ஓர் அனைத்துலகக் காரணமும் உண்டு. எட்டாம் ஆண்டுக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளின், அதாவது இங்கே இரண்டாம் படிவத்தினரின் கணிதத்தை டிம்ஸ் என்ற அனைத்துலக ஆய்வு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கிறது. அதன் நடுப்புள்ளி 500. மலேசியா 1999-இல் 519 பெற்றது. 2011-இல் 440-க்கு இறங்கியது. 2013-இல் வந்த கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை முன்னால் கொண்டுவந்து வைத்தது. செம்பனைக் கேள்வி மாதிரியானவை பாடநூலுக்குள் குடியேறியதற்குப் பின்னணி இது.

சரி, அந்த எழுத்து எப்படிப் பிறக்கிறது? கணிதத் தாள் இரண்டு மணி நேரம், 100 புள்ளி. ஒரு புள்ளிக்கு 72 வினாடி. ஏ பிரிவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் 20 கேள்விகள், 20 புள்ளி. பி பிரிவில் பொருத்துதல், நிரப்புதல் போன்றவை, இன்னொரு 20. சி பிரிவில் வழிமுறை எழுத வேண்டிய நீண்ட கேள்விகள், 60.

தெரிவுக் கேள்வி என்றாலே சுலபம், குருட்டாம்போக்கில் போட்டுவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு இருபதுக்கும் விடை போட்டால் சராசரியாக 5 சரியாகும். இருபதும் சரியாக வாய்க்க வேண்டுமென்றால் ஒரு டிரில்லியனுக்கு மேற்பட்ட வழிகளில் ஒன்று பொருந்த வேண்டும். மலேசியாவின் 34 மில்லியன் மக்களும் ஆளுக்கு 32,000 முறை அந்தத் தாளை எழுதினால், எங்கோ யாரோ ஒருவருக்கு ஒருமுறை வாய்க்கலாம்.

அதைவிட அழகு, தவறான விடைகள் தயாராகும் விதம். அவை ஏனோதானோ எண்கள் அல்ல. 3 − 5 × 2 எவ்வளவு என்று ஒரு கேள்வி. சரியான விடை −7. முதலில் பெருக்க வேண்டும். இடமிருந்து வலமாக அப்படியே போட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்கு −4 வரும். பெரியதில் இருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு 7 வரும். கழித்தலைக் கூட்டலாகப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு 13. நான்கும் தாளில் இருக்கும். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தப்பெண்ணத்தின் காலடித் தடம். வகுப்பில் பன்னிரண்டு பேர் −4-ஐத் தெரிவுசெய்திருந்தால், அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி எழுதுபவர், தப்பு நேரும் முன்பே அதை மனத்தில் நடத்திப் பார்த்திருக்கிறார்.

சி பிரிவுதான் இந்த இயந்திரத்தின் இதயம். மலேசியக் கணித விடைத்தாள் திருத்தும் திட்டங்களில் புள்ளிகளுக்கு ஓரெழுத்துப் பெயர்கள் உண்டு. 'கே' என்றால் வழிமுறைக்கான புள்ளி, 'என்' என்றால் விடைக்கான புள்ளி, 'பி' என்றால் தெரிந்துவைத்திருப்பதற்கான புள்ளி. ஒரு கேள்விக்கு நான்கு புள்ளி என்று தாளில் அச்சாகியிருக்கும். அந்த நான்கும் எங்கெங்கே விழும் என்பது திருத்துபவரின் கையில் உள்ள திட்டத்தில் வரிக்கு வரி குறித்திருக்கும்.

பழைய செவ்வக நிலத்தையே எடுத்துக்கொள்வோம். (அ) குறுக்கு நீளம் என்ன? (ஆ) அந்த நீளத்துக்குக் கயிறு கட்ட மீட்டருக்கு 2 ரிங்கிட் என்றால் எவ்வளவு செலவு? பகுதிக்கு இரண்டாக நான்கு புள்ளி. ஒரு பிள்ளை 120-இன் வர்க்கமும் 50-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்று சரியாக எழுதுகிறது. ஆனால் அவசரத்தில் 50-இன் வர்க்கம் 250 என்று போட்டுவிடுகிறது. 2,500 என்று வந்திருக்க வேண்டும். 14,400-உடன் 250, மொத்தம் 14,650. வர்க்கமூலம் 121.04. அடுத்து அதை 2-ஆல் பெருக்கி 242 ரிங்கிட் 8 சென் என்று முடிக்கிறது. சரியான விடைகள் 130 மீட்டர், 260 ரிங்கிட். பிள்ளையின் இரண்டு விடையும் தவறு. பழைய காலம் என்றால் இரண்டு சிவப்புக் கோடு, சுழியம்.

இங்கே அப்படி இல்லை. தேற்றத்தைச் சரியாகப் பொருத்தியதற்கு ஒரு 'கே'. நீளம் தவறு, 'என்' போயிற்று. அடுத்த பகுதியில் நீளத்தை விலையால் பெருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பெருக்கிய எண் தவறாக இருந்தாலும் வழி சரி, இன்னொரு 'கே'. ஆக நான்கில் இரண்டு. செய்த தவறு ஒன்றுதான். அதற்கான கழிவை அந்த இடத்தோடு நிறுத்தி, வழி நெடுக இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 120-ஐயும் 50-ஐயும் வெறுமனே கூட்டி 170 என்று எழுதியிருந்தால் முதல் பகுதியில் ஒன்றும் இல்லை. எண் தவறியதற்கும் யோசனை தவறியதற்கும் வேறுபாடு அங்கே தெரிந்துவிடுகிறது. கணக்கை வழியோடு எழுது என்று ஆசிரியர்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான். எழுதாத வழிக்குப் புள்ளி போட யாராலும் முடியாது.

நூறு விடைத்தாள் திருத்தினாலும் இந்த நிதானம் குறையக் கூடாது. நள்ளிரவில் ஒரு தாளின் மேல் பேனாவை நிறுத்தி, பிள்ளை எங்கிருந்து 121.04-ஐக் கொண்டுவந்தது என்று பின்னோக்கித் தேடும் ஆசிரியர், துப்பறிவாளர் வேலையைத்தான் பார்க்கிறார்.

திருத்தி முடித்த பின் கேள்விகளுக்கே ஒரு தேர்வு நடக்கும். பிள்ளைகளை மொத்தப் புள்ளிப்படி வரிசைப்படுத்தி, மேலே 27 விழுக்காட்டினரையும் கீழே 27 விழுக்காட்டினரையும் எடுத்துக்கொள்வது இதற்கான வழக்கமான முறை. நாற்பது பேர் வகுப்பென்றால் மேலே 11, கீழே 11. ஒரு கேள்வியை மேலே 9 பேரும் கீழே 3 பேரும் சரியாகச் செய்திருந்தால், வித்தியாசம் ஆறைப் பதினொன்றால் வகுத்து 0.55, நல்ல கேள்வி, தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுகிறது. கீழே உள்ளவர்கள் அதிகம் சரியாகச் செய்து, மேலே உள்ளவர்கள் தவறவிட்டிருந்தால் எண் சுழியத்துக்குக் கீழே போகும். அப்போது பிழை பிள்ளைகளிடம் இல்லை. கேள்வியின் வாசகத்திலோ விடைப் பட்டியலிலோ இருக்கிறது. அதென்ன 27? ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்கர் 1939-இல் கணக்கிட்டுச் சொன்னது. இரு குழுக்களும் போதிய அளவு பெரியதாகவும் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று போதிய அளவு வேறுபட்டும் இருக்க வேண்டும். இரண்டு ஆசைகளும் சமரசமாகும் இடம் 27.

கடைசியில் புள்ளி எழுத்தாகிறது. 82 முதல் 100 வரை ஏ. 66 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் டி, 20 முதல் இ. 19-க்குள் நின்றால் எஃப், குறைந்தபட்ச நிலையை இன்னும் தொடவில்லை என்று பொருள். 65 வாங்கிய பிள்ளைக்கும் 66 வாங்கிய பிள்ளைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு 'என்' புள்ளி. எழுத்தோ சி, பி என்று பிரிந்துவிடுகிறது. 50 வாங்கியவருக்கும் 65 வாங்கியவருக்கும் நடுவே 15 புள்ளி, எழுத்து ஒன்றேதான். அதனால்தான் எழுத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையைத் திட்டவோ கொண்டாடவோ கூடாது என்பேன். தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விழுந்தவை 'கே' புள்ளிகளா, 'என்' புள்ளிகளா? 'என்' மட்டும் விழுந்திருந்தால் பிள்ளைக்குக் கணிதம் புரிகிறது, கைதான் அவசரப்படுகிறது. திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். 'கே' விழுந்திருந்தால் பாடத்துக்கே திரும்ப வேண்டும்.

தொடக்கத்தில் வந்த குழப்பத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. அடைவுநிலை 5, தேர்வில் சி என்றால், நேரம் கொடுத்தால் ஆழமாக யோசிக்கும் பிள்ளை, 72 வினாடிக் கணக்கில் திணறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். நிறைய எழுதிப் பழகினால் தீரும். அடைவுநிலை 3, தேர்வில் ஏ என்றும் ஒரு பிள்ளை வரலாம். பழகிய கேள்விகளை வேகமாக முடிக்கிறது. முன்பின் பார்த்திராத கேள்வியை இன்னும் தொடவில்லை. எதிர்பாராத இடத்தில் அந்தப் பிள்ளைக்குத்தான் அதிக உதவி தேவைப்படும்.

மூன்றாம் படிவத்தில் பாடங்கள் ஒன்பதாகச் சுருங்குகின்றன, ஆனால் கனக்கின்றன: அடுக்குக் குறி, திட்ட வடிவம், முக்கோணவியல் விகிதங்கள், வட்டத்தின் தொடுகோடுகள். நடுவே சேமிப்பும் முதலீடும், கடனும் வட்டியும் பற்றி ஒரு முழுப் பாடம் வருகிறது. கடன் அட்டை நிலுவைக்கு வட்டி எப்படி ஏறும் என்பதைப் பதினைந்து வயதில் பிள்ளை கணக்கிடுகிறது. வீட்டில் மோட்டார்சைக்கிள் தவணை கட்டும் அப்பாவுக்கு அந்த நோட்டைக் காட்டினால் இருவருக்கும் பயன்.

அதன் பிறகு நான்காம் படிவம். எந்தப் பாடத் தொகுப்பை எடுப்பது என்ற முடிவுக்கு வகுப்பறை மதிப்பீடும் யு.ஏ.எஸ்.ஏ.வும் மட்டுமல்ல, புறப்பாட நடவடிக்கைகளின் பதிவும், பிள்ளையின் நாட்டத்தைக் கணிக்கும் உளவியல் மதிப்பீடும் துணைக்கு வருகின்றன. பொறியியல், கணினி, கணக்கியல் என்று கனவு காணும் பிள்ளைகள் பலர் அங்கே கூடுதல் கணிதத்தை எடுப்பார்கள். அதன் முதல் பாடம் சார்பு: ஓர் எண்ணை உள்ளே போட்டால் இன்னோர் எண்ணை வெளியே தரும் விதி. முதலாம் படிவத்தில் ஒரு முக்கோணத்தின் பக்கத்தை எழுத்தால் குறித்துச் சமன்பாட்டில் இருந்து பிரித்தெடுத்தபோதே, பிள்ளை அந்தக் கதவின் பூட்டில் சாவியை நுழைத்துவிட்டது.